படம் வரைய வந்தவர்

பிளஸ் டூவில் பயாலஜி படித்தவர்களுக்கு ஜிம்னோஸ்பெர்ம் என்றால் சைகஸும் பைனும் லேசாக நினைவிருக்கும். விதை உண்டு, அதை மூட கனி கிடையாது. பரீட்சைக்கு அது போதும். மலருக்குக் கட்டுரை கேட்டபோது நம் துறையிலேயே யாரையாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மனதில் வந்து நின்றவர் ஜப்பானின் ஹிராசே சாகுகோரோ. தாவரவியல்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். நம்மைப் போன்ற இன்ஜினியர்களுக்குத்தான் அறிமுகம் தேவை.

1856-ல் ஃபுக்குயியில் பிறந்தவர். பள்ளியில் ஓவிய வாத்தியார். 1888-ல் டோக்கியோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்தார். டிகிரி கிடையாது. பேராசிரியர்கள் ஆராய்வார்கள், இவர் வரைவார், அவ்வளவுதான் வேலை. ஆனால் வரைகிறவன் மற்றவர்களைவிட உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறதே! (என் முதல் வேலையில், டிராயிங்கில் இருந்த தப்பை எங்கள் எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்தது டிராஃப்ட்ஸ்மேன்தான்.) கொஞ்ச நாளில் உதவியாளராக உயர்ந்து, 1893 வாக்கில் ஜிங்கோ மரத்தைத் தானே ஆராய ஆரம்பித்தார்.

அப்போதிருந்த புதிர் இதுதான். பெரணியின் விந்தணு தண்ணீரில் நீந்திப் போய்த்தான் முட்டையை அடையும். ஈரம் இல்லாவிட்டால் காரியம் நடக்காது. பைன் மரத்துக்கும் பூக்கும் செடிகளுக்கும் அந்தக் கவலை இல்லை. மகரந்தக் குழாயே ஆண் செல்லை முட்டை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இவை இரண்டும் ஒரே வாழ்க்கைச் சுழற்சியின் வேறுபட்ட வடிவங்கள் என்று ஜெர்மனியின் ஹோஃப்மைஸ்டர் 1851-லேயே காட்டியிருந்தார். ஆனால் நடுவில் ஒரு படி வேண்டுமே?

அந்தப் படி கோய்ஷிகாவா தாவரத் தோட்டத்துப் பெண் ஜிங்கோவில் இருந்தது. வசந்தத்தில் சூலின் வாயில் ஒரு துளி திரவம் கசியும். காற்றில் வரும் மகரந்தம் அதில் ஒட்டி, உள்ளே ஒரு சின்ன அறைக்குப் போய்விடும். அங்கே குழாய் விட்டு, சூலின் திசுவை உறிஞ்சித் தின்றுகொண்டு நாலு மாதத்துக்கு மேல் இருக்கும். கருவுறுவது செப்டம்பரில்தான். அந்தத் தருணம் தப்பினால் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். ஹிராசே சூல்களைப் பறித்து, சீவிச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தார். 1896 ஆரம்பத்தில் பதப்படுத்திய ஒரு சீவலில் விசித்திரமாக ஏதோ தென்பட்டது. நண்பர் இகேனோவிடம் காட்டினார். விந்தணுவாக இருக்கலாம் என்றார் அவர். அது உயிரோடு நீந்துவதைப் பார்த்தால்தானே நிச்சயம்?

1896 செப்டம்பர் 9-ம் தேதி பார்த்துவிட்டார். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராத உருண்டை, சுருளாகச் சுற்றிய சுமார் ஆயிரம் கசையிழைகளை அசைத்து நீந்தியது. வெளியே மழையோ குளமோ வேண்டாம். நீந்தத் தேவையான தண்ணீரைச் சூலே உள்ளே வைத்துக் கொடுக்கிறது. சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய விதைத் தாவரங்கள் தண்ணீரை நம்பியிருந்ததிலிருந்து எப்படி விடுபட்டன என்பதற்கு உயிருள்ள சாட்சி கிடைத்தது. அதே வருஷம் இகேனோ சைகஸிலும் நீந்தும் விந்தணுவைக் கண்டார்.

இவ்வளவு செய்தவர் மறு வருஷமே, 1897-ல், பல்கலைக்கழகத்தை விட்டு ஹிகோனேயில் பள்ளி ஆசிரியராகப் போய்விட்டார்! எனக்கு இன்னும் ஆறாத இடம் இது. 1912-ல் இம்பீரியல் அகாடமி பரிசு இருவருக்கும் கிடைத்தது. முதலில் இகேனோவுக்கு மட்டும் கொடுக்க இருந்தார்களாம். ஹிராசேக்கு இல்லையென்றால் எனக்கும் வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகுதான் பெயர் சேர்ந்தது என்பார்கள். இகேனோ மாதிரி ஒரு நண்பர் எத்தனை பேருக்கு வாய்ப்பார்?

ஹிராசே 1925 ஜனவரியில் காலமானார். 1956-ல் அந்த மரத்தடியில் நினைவுக் கல் வைத்தார்கள். மரம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் கீழே விழுந்த விதைகளை மிதிக்காமல் நடக்கவும். நாற்றம் செருப்பை விட்டுப் போகாது.