கடைசியாக வருபவரைக் கண்டவர்

மலையேறும் குழுவொன்றில் தலைவர் யார்? முதலில் சிகரத்தை அடைபவரே என நாம் எண்ணுகின்றோம். இத்தாலிய இளைஞரான புனித பியர் ஜோர்ஜியோ பிரசாத்தியின் வாழ்வு இதற்கு வேறொரு விடையைத் தருகின்றது.

இவர் 1901 ஏப்ரல் 6ஆம் திகதி துரின் நகரில் பிறந்தார். தந்தையார் லா ஸ்தாம்பா நாளிதழின் உரிமையாளர்; ஜேர்மனிக்கான இத்தாலியத் தூதுவராகவும் பணியாற்றியவர். தாயார் ஓவியர். செல்வக் குடும்பத்தின் மகனாக இருந்தும், சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றும் ஆவலினால் இவர் சுரங்கப் பொறியியலைக் கற்றார். 1918இல் புனித வின்சென்ட் தே போல் சபையில் இணைந்து, நோயாளரையும் வறியோரையும் அவர்களது இல்லங்களுக்கே தேடிச் சென்றார்.

ஆல்ப்ஸ் மலைகள் இவரது உள்ளத்தைக் கவர்ந்தன. கிரிவோலா, மொன்விசோ போன்ற உயர்ந்த சிகரங்களில் ஏறினார். 1924இல் நண்பர்களைச் சேர்த்து வேடிக்கையான பெயருடன் ஒரு சிறு குழுவை அமைத்தார். மலைப்பயணத்திற்கு முன் திருப்பலியில் பங்குபற்றுவதில் உறுதியாயிருந்தார். பனிமலையில் ஏறுவோர் ஒரே கயிற்றினால் பிணைக்கப்பட்டே நடப்பர். அங்கே ஒருவரின் தளர்ச்சி அனைவரையும் பாதிக்கும்; மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகமாகும். வலிமைமிக்க பியர் ஜோர்ஜியோ இதனை நன்கறிந்திருந்தார். எவரேனும் களைப்புற்றால், அவர் நாணமடையாதவாறு, தாமே ஓய்வை நாடுபவர்போல் நின்றுவிடுவார்.

ஆனால் பிறரின் தளர்ச்சியை உடனே உணர்ந்த இவரது தளர்ச்சியை, இவரது சொந்த வீடு காணவில்லை. 1925 ஜூன் இறுதியில் இவர் நோயுற்றார். அவ்வேளையில் பாட்டியார் மரணப்படுக்கையில் இருந்தமையால் அனைவரின் கவனமும் அங்கேயே இருந்தது. பியர் ஜோர்ஜியோவோ முறைப்பாடு எதுவும் செய்யவில்லை. அது இளம்பிள்ளைவாதம் எனத் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. தாம் பராமரித்த நோயாளரிடமிருந்தே அது தொற்றியிருக்கலாம் எனக் கருதப்படுகின்றது.

ஜூலை 3, வெள்ளிக்கிழமை. வறியோரை அவர் வழமையாகச் சந்திக்கும் நாள். செயலிழந்துகொண்டிருந்த கையினால் நண்பர் ஒருவருக்குச் சிறு குறிப்பொன்றை எழுதி, ஏழை நோயாளி ஒருவருக்குரிய ஊசிமருந்தைச் சேர்ப்பிக்குமாறு வேண்டினார். மறுநாள், 24ஆவது வயதில், இறைவனடி சேர்ந்தார்.

இறுதி ஊர்வலத்தில் துரின் நகர வீதிகளில் ஏழைகள் பெருந்திரளாகக் கூடினர். தங்கள் மகன் யாரென்பதைப் பெற்றோர் அன்றே முழுமையாக அறிந்தனர். தங்களுக்கு உதவியவர் எத்தகைய குடும்பத்தவர் என்பதை ஏழைகளும் அன்றே அறிந்தனர். 1990 மே 20இல் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2025 செப்டெம்பர் 7இல் திருத்தந்தை பதினான்காம் லியோ இவரைப் புனித நிலைக்கு உயர்த்தினார்.

உயிர்த்த ஆண்டவரும் எம்மாவு வழியில் சோர்ந்து நடந்த இரு சீடர்களை முந்திச் செல்லவில்லை. அவர்களோடு இணைந்தே நடந்தார். அன்பானவர்களே, நம் குடும்பத்திலும் பங்கிலும் பின்தங்கி வருபவர் ஒருவர் இருக்கலாம். எப்போதும் முன்னே நின்று உதவுபவரே இன்று மௌனமாகத் தளர்ந்திருக்கவும் கூடும். இவ்வாரம் சற்று நின்று, நம்மோடு நடப்போரின் முகங்களை உற்றுநோக்குவோமா?