நோயாளர் படுக்கையருகே நடுங்கிய துறவி

பாடசாலை விஞ்ஞான நூலில் பட்டாணிச் செடிகளோடு நீங்கள் கண்ட கிரகோர் மெண்டல் அகுஸ்தீன் சபைக் குருவானவர். மனத்தளர்ச்சியினால் பலமுறை படுக்கையில் விழுந்தவர் அவர் என்பதை அறிவீர்களோ?

1822ஆம் ஆண்டு, ஆஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட சிலேசியாவில், ஏழைக் கமக்காரக் குடும்பத்திற் பிறந்தார். மாணவப் பருவத்திலேயே மாதக்கணக்கில் நோயுற்றார். தங்கை தன் சீதனத்தில் ஒரு பங்கைக் கொடுத்து அவர் படிப்புக்கு உதவினாள்.

1847இல் குருப்பட்டம் பெற்றுப் பிறுணோ நகரில் பங்குப் பணிக்குச் சென்றார். நோயாளரின் வேதனையைக் காணப் பொறாமல் தாமே நோயாளியானார். இன்றும் எம் வீடுகளில் இதனை விசுவாசக் குறைவு என்போர் உளர். பேய்க்குணம் என்று ஒளித்துவைப்போரும் உளர். மடாதிபதி நாப் அப்படியானவரல்லர். 1849இல் அவரை ஆசிரியப் பணிக்கு மாற்றினார். அந்த ஒரு மாற்றத்திற்கு விஞ்ஞானம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது!

ஆசிரியப் பரீட்சையில் 1850இல் தவறினார். 1856இல் மீண்டும் தோற்றியபோது நோய் தடுத்தது. அவ்வாண்டே மடத்துத் தோட்டத்தில் பரிசோதனையைத் தொடங்கி, 1863 வரை ஏறக்குறைய 28,000 செடிகளை வளர்த்தார். 1884இல் அவர் மரிக்கும்வரை அதன் பெருமையை உலகம் உணரவில்லை, 1900இலேயே உணர்ந்தது.

2021இல் சபையாரின் சம்மதத்துடன் கல்லறை திறக்கப்பட்டு, அவரது பரம்பரையலகுகள் வரிசையாக வாசிக்கப்பட்டன. வலிப்போடும் நரம்புக் கோளாறுகளோடும் தொடர்புடைய மாற்றமொன்று அங்கே காணப்பட்டது. அவரை வாட்டிய நோய்க்கு அதுவே காரணமெனத் துணிந்து கூறலாகாது. மனநோய்களிற் பெரும்பாலானவை பல பரம்பரையலகுகளும் வாழ்க்கையில் விழும் அடிகளும் சேர்ந்து விளைவன.