தேவலாலி ஆசிரியர் கப்ரேகர்

தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர் 1905ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17ஆம் நாள் மராட்டிய மண்ணில் தகாணு என்னும் ஊரில் பிறந்தார். புனே பெர்குசன் கல்லூரியில் பயின்று 1929இல் பட்டம் பெற்றார். மேற்பட்டம் ஏதும் பெற்றிலர். 1930 முதல் 1962 வரை நாசிக்கை அடுத்த தேவலாலியில் பள்ளி ஆசிரியராகவே பணிபுரிந்தார்.

அவர் கண்ட 6174 என்னும் எண்ணின் வியப்பை நான்காம் வகுப்புச் சிறுவனும் அறியலாம். கழித்தல் தெரிந்தாற் போதும். நான்கு இலக்கங்களும் ஒன்றாகவே அமையாத ஓர் எண்ணை எடுத்துக்கொள்க. 3524 என்போம். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுத 5432. ஏறு வரிசையில் 2345. கழித்தால் 3087. அவ்வாறே 8730இலிருந்து 0378 போக 8352 (முன்னுள்ள சுழியை விட்டுவிடலாகாது). பின்னர் 8532இலிருந்து 2358 போக 6174. எவ்வெண்ணில் தொடங்கினும் ஏழு படிகளுக்குள் இதுவே வரும், வந்தபின் மாறாது. லப்பைக்குடிக்காட்டுப் பிள்ளைகளிடம் இக்கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். இருபது கழித்தல்களைச் சலிப்பின்றிச் செய்வர். விடை வராதவன் தன் பிழையைத் தானே தேடுவான், பிரம்பு வேண்டா.

1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதனை அவர் அறிவித்தார். ஆயினும் நம் நாட்டுக் கணித அறிஞர் பலர் இதனை வெறும் விளையாட்டென ஒதுக்கினர். பட்டத்தைக் கொண்டு அறிவை அளக்கும் வழக்கம், பிறப்பைக் கொண்டு அளக்கும் வழக்கத்திற்கு உடன்பிறப்பன்றோ! 1975இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பின்னரே அவர் புகழ் உலகெங்கும் பரவிற்று.

1966இல் மனைவியை இழந்தார். ஓய்வூதியம் போதாமையால் முதுமையிலும் மாணவர்க்குத் தனிப்பாடம் நடத்தி வாழ்ந்து, 1986இல் மறைந்தார்.