உலகைச் சாட்சியாக்கிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தாருக்குத் திருவெண்ணெய்நல்லூர் தெரிந்த ஊர். 13-ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த மெய்கண்டார், தோன்றி நின்று அழியும் உலகுக்குக் கர்த்தா ஒருவன் உண்டென நிறுவியே தமது சிவஞானபோதத்தைத் தொடங்கினார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே இவ்வினாவைத் தீர ஆராய்ந்தவர்கள் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள்.

கி.பி. 1058-இல் (ஹிஜ்ரி 450) குராசானிலுள்ள தூஸ் நகரில் பிறந்தார்கள். இளமையிலேயே தந்தையாரை இழந்தார்கள். நைசாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள். 1091-இல் அமைச்சர் நிஜாமுல் முல்க், பக்தாது நிஜாமிய்யா கலாசாலையின் பேராசிரியராக அவர்களை நியமித்தார்.

உலகம் அனாதியானது என்று பாராபி, இப்னு சீனா முதலிய தத்துவ ஞானிகள் கூறியிருந்தனர். இமாமவர்கள் அதனை மறுத்தார்கள். புதிதாய்த் தோன்றும் எதற்கும் ஒரு காரணம் வேண்டும், உலகம் தோன்றியது, எனவே அதற்கும் ஒரு காரணன் உண்டு என்பது அவர்களின் வாதம். உலகம் தோன்றியதே என்பதற்குச் சான்று என்ன? வானத்தைக் காட்டினார்கள். அக்கால வானநூற்படி சூரியன் ஆண்டுக்கொரு முறை சுற்றுகிறது. சனி முப்பது ஆண்டுகளுக்கொரு முறை. உலகுக்குத் தொடக்கமே இல்லையெனில் இரண்டும் எண்ணிறந்த சுற்றுகளை முடித்திருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றில் முப்பதில் ஒரு பங்காயிருக்க, இரண்டையும் முடிவற்றவை என்பது எங்ஙனம் பொருந்தும்? அச்சுற்றுகளின் தொகை ஒற்றையா, இரட்டையா? முடிவிலியை இன்றைய கணித நூலார் வேறு விதமாகக் கையாள்வர் என்பதும் உண்மையே. ஆயினும் சிறுவரும் விளங்கிக்கொள்ளும் இக்கேள்வியின் கூர்மை குன்றவில்லை.

மெய்கண்டார் வழியினர், குயவனுக்கு மண்போல் மாயையை உலகின் முதற்காரணமாகக் கொள்வர். இமாமவர்களின் கொள்கையில் அம்மண்ணுக்கும் இடமில்லை. இல்லாமையிலிருந்தே அல்லாஹ் படைத்தான்.

தத்துவ ஞானிகளை மறுத்த தஹாபுதுல் பலாசிபா என்னும் நூல் நிறைவுற்ற 1095-ஆம் ஆண்டிலேயே பெருஞ்சோதனை வந்தது. தாம் போதிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்ற எண்ணம் அவர்களை வாட்டியது. பாடம் சொல்ல நா எழவில்லை, உணவு இறங்கவில்லை, மருத்துவர்கள் கைவிரித்தனர். முடிவில் பதவியைத் துறந்து, குடும்பத்தின் தேவைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்து டமாஸ்கஸ் சென்றார்கள். பள்ளிவாசல் மினாராவில் தனித்திருந்தார்கள். இஹ்யா உலூமித்தீன் உருவானது அத்துறவுக் காலத்தில்தான்.

1106-இல் மீண்டும் நைசாப்பூரில் பாடம் நடத்தினார்கள். இறுதி நாட்களில் எழுதிய இல்ஜாமுல் அவாம் என்னும் நூலில், குர்ஆனின் சான்றுகளை அனைவருக்குமான உணவுக்கும், தர்க்க வாதங்களைச் சிலருக்கே பயன்படும் மருந்துக்கும் ஒப்பிட்டார்கள். 1111 டிசம்பரில், பிறந்த தூஸ் நகரிலேயே வபாத்தானார்கள்.