டிராக்டருக்குக் கை கொடுத்த ஹாரி பெர்குசன்

கனடா, நார்வே போன்ற நாடுகளில் குளிர்காலம் வந்துவிட்டால் ஒரே இரவில் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டிவிடும். காலையில் கதவைத் திறந்தால் வாசலும் தெரியாது, சாலையும் தெரியாது. பள்ளி வாகனம் வர முடியாது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆம்புலன்ஸும் வர முடியாது.

அப்போது அங்குள்ள பண்ணைக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? கோடையில் நிலத்தை உழுத அதே குட்டி டிராக்டரை வெளியே எடுப்பார்கள். கலப்பையைக் கழற்றிவிட்டு, பனியைத் தள்ளும் கருவியை மாட்டுவார்கள். சில நிமிடங்களில் டிராக்டர் வேறு வேலைக்குத் தயார்!

இப்படி ஒரே டிராக்டரில் விதவிதமான கருவிகளை மாட்டிக் கழற்றும் வசதியை உலகத்துக்குத் தந்தவரைப் பற்றித்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள். அவர் பெயர் ஹாரி பெர்குசன்.

வயலை விட்டு ஓடிய பையன்

அயர்லாந்தின் வடபகுதியில் டவுன் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே டிரோமோர் ஊருக்கு அருகில், 1884-ம் ஆண்டு நவம்பர் 4-ம் தேதி ஹாரி பிறந்தார். அப்பா விவசாயி. பெரிய குடும்பம். காலை முதல் மாலை வரை வயலில் வேலை இருந்துகொண்டே இருக்கும்.

ஹாரிக்கு அந்த வேலை துளியும் பிடிக்கவில்லை. குதிரையின் பின்னால் நாள் முழுவதும் நடந்து உழுவது அவருக்குப் பெரும் பாடாக இருந்தது. பிற்காலத்தில் உலக விவசாயிகளின் சுமையைக் குறைத்தவர், சிறு வயதில் விவசாயத்தை விட்டே ஓடியவர் என்பது வேடிக்கைதானே!

பெல்பாஸ்ட் நகரில் அண்ணன் ஜோ, கார்களையும் சைக்கிள்களையும் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஹாரி அங்கே போய்ச் சேர்ந்தார். இயந்திரங்களைத் தொட்டதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தானே ஒரு விமானத்தைக் கட்டினார். 1909-ம் ஆண்டு டிசம்பர் 31-ம் தேதி, பலத்த காற்றில் அதை ஓட்டிச் சுமார் 120 மீட்டர் தூரம் பறந்தார். அயர்லாந்தில் விமானத்தில் பறந்த முதல் மனிதர் அவர்தான்!

உயிரைக் குடித்த டிராக்டர்

முதல் உலகப் போர் நடந்த காலம். உணவுப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நிறைய நிலத்தை உழ வேண்டும். 1917-ல் அயர்லாந்து வேளாண் துறை, டிராக்டர்களை நன்றாகப் பயன்படுத்த விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுக்கும்படி பெர்குசனைக் கேட்டுக்கொண்டது. அவரும், உதவியாளர் வில்லி சாண்ட்ஸும் ஊர் ஊராகச் சுற்றினார்கள்.

அப்போதுதான் ஒரு பெரிய ஆபத்தை பெர்குசன் கவனித்தார். அந்தக் காலத்தில், மாட்டு வண்டியின் பின்னால் எதையோ கட்டி இழுப்பதுபோல, கலப்பையை டிராக்டரின் பின்னால் கோத்து இழுத்தார்கள். மண்ணுக்குள் மறைந்திருக்கும் பாறையில் கலப்பை மாட்டிக்கொண்டால் போச்சு! கலப்பை நகராது; சக்கரமும் நகர முடியாது. இன்ஜினோ விடாமல் சுழலும். அந்த வேகத்தில் டிராக்டரின் முன்பக்கம் குதிரைபோல எழும்பி, அப்படியே பின்னால் கவிழ்ந்துவிடும். அடியில் சிக்கி உயிரிழந்த ஓட்டுநர்கள் பலர்.

இதைத் தடுக்க டிராக்டரை இன்னும் கனமாகச் செய்யலாம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஆனால் கனமான டிராக்டர் மண்ணை இறுக்கிக் கெட்டியாக்கிவிடும். விலையும் கூடும். சிறு விவசாயியால் எப்படி வாங்க முடியும்? டிராக்டர் சின்னதாகவும் இருக்க வேண்டும், கவிழாமலும் இருக்க வேண்டும் என்று பெர்குசன் யோசித்தார்.

மூன்று புள்ளி மந்திரம்

வில்லி சாண்ட்ஸ், ஆர்ச்சி கிரீர் ஆகியோருடன் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தார். செய்வதும் பிரிப்பதும், மறுபடி செய்வதுமாகக் காலம் ஓடியது. கடைசியில் விடை கிடைத்தது. கலப்பையைக் கட்டி இழுக்கக் கூடாது. டிராக்டரின் உடம்போடு உடம்பாகச் சேர்த்துவிட வேண்டும்!

எப்படி? கீழே இரண்டு கம்பிகள், மேலே ஒரு கம்பி. மூன்றும் சேர்ந்து முக்கோணம்போல இருக்கும். கலப்பை மண்ணில் அழுத்தமாக மாட்டும்போது, அதன் மேல்பகுதி முன்பக்கம் சாயப் பார்க்கும். அந்தத் தள்ளு விசை மேல் கம்பி வழியாக டிராக்டருக்குப் போய், முன்சக்கரங்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். எந்த விசை முன்பு டிராக்டரைக் கவிழ்த்ததோ, அதே விசை இப்போது அதைக் காப்பாற்றியது!

இதோடு எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பையும் சேர்த்தார். ஒரு சின்ன நெம்புகோலை அசைத்தால் போதும், கனமான கருவி மேலே எழும். மண் கெட்டியாக இருந்தால் கலப்பை தானாகவே கொஞ்சம் மேலே வந்து வேலையைத் தொடரும். இவை அனைத்தும் சேர்ந்த முதல் டிராக்டர் 1933-ல் உருவானது. அதற்குக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது.

பொம்மையும் கைகுலுக்கலும்

1938-ம் ஆண்டு அக்டோபரில் பெர்குசன் அமெரிக்கா சென்றார். கார் உலகின் மன்னர் ஹென்றி போர்டைச் சந்தித்தார். தன் டிராக்டரை ஓட்டிக் காட்டினார். சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொம்மை டிராக்டரை வைத்து, தன் தத்துவத்தையும் விளக்கினார். போர்டு அசந்துபோனார். இருவரும் சேர்ந்து டிராக்டர் செய்வதென முடிவானது. ஒப்பந்தப் பத்திரம் எதுவும் எழுதவில்லை. கை குலுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்!

1939-ல் போர்டு-பெர்குசன் டிராக்டர் சந்தைக்கு வந்து, சுமார் 3 லட்சம் விற்றது. ஆனால் போர்டின் பேரன் நிர்வாகத்துக்கு வந்ததும் அந்தக் கைகுலுக்கலை முறித்துக்கொண்டார். பெர்குசனின் அமைப்பைப் பயன்படுத்தி வேறு டிராக்டரும் வந்தது. பெர்குசன் சும்மா இருப்பாரா? உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றின் மீது 1948-ல் வழக்குப் போட்டார். நான்கு ஆண்டுகள் போராடி, 1952-ல் 92.5 லட்சம் டாலர் பெற்றார். கேட்டதோ 25 கோடி டாலருக்கும் மேல்! ஆனாலும் அவருடைய கண்டுபிடிப்புக்கு மதிப்புக் கிடைத்தது.

இதற்கிடையே இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் அவருடைய சொந்த டிராக்டர் தயாரானது. பெயர் டி.இ.20. சாம்பல் நிறம். எடை ஒரு டன்னுக்குச் சற்றே அதிகம். குட்டி சாம்பல் பெர்கி என்று மக்கள் அதைச் செல்லமாக அழைத்தார்கள். 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது.

எதை மாட்டலாம்?

இனி பனிக்கு வருவோம். பெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு இன்று உலகம் முழுவதும் ஒரே அளவு முறையில் இருக்கிறது. அதனால் ஒரு நிறுவனத்தின் கருவியை இன்னொரு நிறுவனத்தின் டிராக்டரில் மாட்டலாம். சிறிய டிராக்டர்களில் பெரும்பாலும் முதலாம் வகை அளவு இருக்கும்.

பனி அகற்ற முக்கியமாக இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, பின்னால் மாட்டும் தகடு. விலை குறைவு, பழுதாவதும் அரிது. ஆனால் பனியை ஒதுக்கி வைக்கப் பக்கத்தில் இடம் வேண்டும். ஓட்டுநர் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பனியை உள்ளே இழுத்துத் தூர வீசும் ஸ்னோ புளோயர். இன்ஜினின் சக்தியைப் பின்னால் சுழலும் தண்டு வழியாக வாங்கி இது வேலை செய்யும். இடம் குறைவாகவும் பனி ஆழமாகவும் இருந்தால் இதுவே நல்லது. ஆனால் விலை அதிகம், இன்ஜினுக்குப் போதிய சக்தியும் வேண்டும். ஈரப் பனி சில நேரம் குழாயை அடைத்துவிடும். சரளைக்கல் பாதையில் கல்லும் சேர்ந்து பறக்கலாம்!

எதை வாங்கினாலும் ஒரு விதி உண்டு. கருவியின் அகலம், டிராக்டரின் சக்கரங்கள் ஓடும் அகலத்தைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் சக்கரம் அகற்றாத பனியில் ஏறிவிடும். தகட்டைச் சாய்த்து வைத்தால் அதன் வீச்சு இன்னும் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தென் துருவத்தில் குட்டி டிராக்டர்

பனியில் பெர்குசன் டிராக்டர் செய்த மிகப் பெரிய சாதனையைக் கேளுங்கள். எவரெஸ்ட்டில் ஏறிய எட்மண்ட் ஹிலாரியை உங்களுக்குத் தெரியும். அவர் குழுவினர், மூன்று பெர்குசன் டிராக்டர்களின் சக்கரங்கள் மேல் பட்டைச் சங்கிலிகளை மாட்டி, 1957 அக்டோபரில் அன்டார்க்டிகாவில் புறப்பட்டார்கள். பனிப் பிளவுகளைக் கடந்து, 1958 ஜனவரி 4-ம் தேதி தென் துருவத்தை அடைந்தார்கள். தரைவழியாகத் தென் துருவத்தை எட்டிய முதல் வாகனங்கள், வயலில் உழுவதற்காகச் செய்த அந்தக் குட்டி டிராக்டர்கள்தான்!

பெர்குசன் 1953-ல் தன் நிறுவனத்தை மாசி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைத்தார். அதுவே பின்னர் மாசி பெர்குசன் ஆனது. 1960-ம் ஆண்டு அக்டோபர் 25-ம் தேதி அவர் மறைந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கியது. நம் வயல்களில் ஓடும் மாசி பெர்குசன் டிராக்டர்கள் அங்கிருந்து வந்தவைதான்.

அடுத்த முறை டிராக்டரைப் பார்த்தால், அதன் பின்பக்கத்தைக் கவனியுங்கள். கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று கம்பிகள் தெரியும். சின்ன டிராக்டரால் பெரிய வேலை செய்ய முடியும் என்று நம்பிய ஒருவரின் பல ஆண்டு உழைப்பு அது!