கொடுத்துக் கொடுத்து எளியவரான நடிகர்

தென்னிந்தியாவில் பேசும் படம் பிறந்த நாட்களில், அழகும் இளமையும் குரல் வளமுமே நடிகனுக்கு மூலதனம் என்று ஜனங்கள் கருதி வந்தனர். முதுமை வேஷமும் தந்தை வேஷமும் இரண்டாந்தரமானவை என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியவர்களுள் முதன்மையானவர் ஸ்ரீ சித்தூர் வி. நாகையா.

முன்னாளில் குண்டூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ரேபல்லேயில் 1904-ம் ஆண்டு பிறந்த அவர் சித்தூரில் வளர்ந்து, அவ்வூர் நாடக சபையில் பயிற்சி பெற்று, ஊர்ப் பெயரையே தம் பெயராகக் கொண்டார். தேசீய இயக்கத்தில் அவருக்கிருந்த ஈடுபாடு அவரது கலையிலும் ஊறி நின்றது. 1938-ல் வெளிவந்த 'கிருஹலக்ஷ்மி' என்ற தெலுங்குப் படத்தில் அவர் பாடிய மதுவிலக்குப் பாட்டு ஆந்திர தேசமெங்கும் பரவியது. மறு வருஷம் 'வந்தே மாதரம்' அவரைக் கதாநாயகனாக உயர்த்தியது.

அந்தப் புகழை வைத்துக்கொண்டு இளைஞர் வேஷங்களிலேயே அவர் நின்றிருக்கலாம். ஆனால் 1940-ல், முப்பத்தாறாவது வயதில், 'சுமங்கலி'யில் விதவா விவாகத்துக்காகப் போராடும் முதிய சீர்திருத்தவாதியாகத் தோன்றினார். தமிழில் 'அசோக்குமார்' (1941) படத்தில் தியாகராஜ பாகவதருக்குத் தந்தையான அசோகச் சக்கரவர்த்தி அவரே. 'மீரா'வில் (1945) ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் பக்திக்கு முன் தடுமாறும் ராணாவும் அவரே. போதனா, தியாகராஜர், வேமனர் ஆகிய மகான்களை 1940-களில் அவர் திரையில் கண்முன் நிறுத்தியபோது, நடிகரையே தரிசிக்கத்தக்க புருஷராக ஜனங்கள் போற்றினர்.

புகழ் பெருகிய அளவுக்கு இல்லற சுகம் அவருக்கு வாய்க்கவில்லை. மனைவியை இளமையிலேயே பறிகொடுத்த அவர், துயரம் தாளாமல் திருவண்ணாமலை சென்று ரமணாசிரமத்தில் சில காலம் தங்கினார். பின்னர் தொழிலுக்குத் திரும்பிய அவர், தாமே தயாரித்து, இயக்கி, சங்கீதம் அமைத்து, நடித்து 1946-ல் அளித்த படந்தான் 'தியாகய்யா'.

அக்காலத்தில் மிகுந்த ஊதியம் பெற்ற நடிகர்களுள் அவர் ஒருவர். எனினும், இல்லையென்று வந்தவரை வெறுங்கையுடன் அனுப்ப அவருக்குத் தெரியாது. சொந்தப் படத் தயாரிப்பும் அவரது செல்வத்தைக் கரைத்தது. பத்ராசலம் கோவிலுக்காக அரசாங்கப் பணத்தைச் செலவிட்டுச் சிறை புகுந்த ராமதாஸரின் சரித்திரத்தை அவர் படமாக்கி 1964-ல் வெளியிட்டார். ராமதாஸர் செலவிட்டது அரசன் பணம். நாகையா செலவிட்டது தம் சொந்தப் பணம். முன்னவருக்குச் சிறையும் பின்னவருக்கு வறுமையும் பலனாயின.

1965-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அதே காலத்தில் அவர் ஜீவனத்துக்காகச் சிறு சிறு வேஷங்களை ஏற்று நடித்துக்கொண்டிருந்தார். அந்த வேஷங்களிலும் அவர் குறை வைக்கவில்லை. 1973-ம் ஆண்டு இறுதியில் சென்னையில் காலமானபோது, அவரிடம் செல்வம் என்று சொல்லத்தக்கது எதுவும் மிஞ்சவில்லை. பின்னர் பனகல் பார்க்கில் அவருக்குச் சிலை எழுந்தது.

தர்மசீலனுடைய கை கணக்குப் பாராது. அது அவனுடைய பெருமை. ஆனால் அவனுடைய முதுமைக்குக் கணக்கு வைத்துக் காப்பது சமூகத்தின் கடமை. பட்டமும் சிலையும் அக்கடமைக்கு ஈடாகமாட்டா. மகான்களாகத் தோன்றி நம்மைக் கண்ணீர் சிந்த வைத்தவருடைய சொந்தக் கண்ணீரை நாம் காணத் தவறினோம். இன்று தளர்ந்திருக்கும் கலைஞர்கள் விஷயத்திலேனும் அத்தவறு நேராதிருப்பதாக.