மிதிவண்டி மேதை துல்லியோ கம்பன்யோலோ

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மிதிவண்டியை அறியாதார் நம்மில் எவரும் இலர். அதனை ஓட்டக் கற்ற நாளில் முழங்கால் சிராய்த்துக்கொள்ளாதவரும் அரிதே. ஆயினும் அவ்வண்டியின் உறுப்புகளை எண்ணி எண்ணிச் செப்பம் செய்தவர் யாவர் என்று கேட்டால் நாம் விழிக்கிறோம். நீராவிப் பொறி என்றதும் ஜேம்ஸ் வாட் நினைவுக்கு வருகிறார். மின்விளக்கு என்றதும் எடிசன் வருகிறார். மிதிவண்டிக்கு அப்படி ஒரு பெயரைப் பள்ளிப் பாடம் நமக்குச் சொல்லித் தரவில்லை. பந்தய வண்டி ஓட்டுவோரைக் கேட்டால் அவர்கள் தயங்காமல் சொல்லும் பெயர்களுள் ஒன்று துல்லியோ கம்பன்யோலோ. இத்தாலியப் பெயர்தான், ஆனால் நம் செவியில் விழும்போது துல்லியம் என்னும் தமிழ்ச் சொல்லும் கூடவே ஒலிக்கிறது. அவர் செய்த வேலையை நோக்கினால் அது பொருத்தமாகவே படுகிறது.

வட இத்தாலியில், வெனிஸ் நகருக்கு மேற்கே, விசென்சா என்னும் ஊர் உள்ளது. அங்கே 1901-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் துல்லியோ பிறந்தார். தந்தை இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையின் பின்கட்டுதான் துல்லியோவின் பட்டறை. ஆணியும் திருகும் அரமும் சுத்தியும் சிறு வயதிலேயே அவர் கைக்குப் பழகிவிட்டன. இளைஞரானதும் மிதிவண்டிப் பந்தயத்தில் ஆசை பிறந்தது. 1920-களில் பல பந்தயங்களில் ஓடினார். பெரிய வீரர் என்று பெயர் எடுக்கவில்லை. ஆனால் ஓட்டுபவனின் துன்பம் இன்னதென்று தன் உடம்பில் பட்டு அறிந்தார். பிற்காலத்தில் அவர் செய்த ஒவ்வொரு கருவியிலும் அந்த அறிவு தெரிகிறது.

அந்தத் துன்பம் எது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்நாளைய பந்தய வண்டிகள் பலவற்றில், ஓடிக்கொண்டே மாற்றும் கியர் கிடையாது. பின்சக்கரத்து ஹப்பின் ஒரு பக்கம் ஒரு பல்சக்கரமும் மறுபக்கம் இன்னொன்றும் இருக்கும். பற்கள் குறைந்தது சமதரைக்கும் இறக்கத்திற்கும்; பற்கள் மிகுந்தது மேட்டுக்கு. மலையடிவாரம் வந்ததும் வீரர் வண்டியை விட்டு இறங்குவார். நட்டுகளைத் தளர்த்திப் பின்சக்கரத்தைக் கழற்றி, அதனை இடம் வலமாகத் திருப்பி மாட்டி, செயினை ஏற்றி, நட்டுகளை இறுக்கி, மீண்டும் ஏறி மிதிப்பார். உச்சியை அடைந்ததும் மறுபடி இதே கூத்து. ஸ்பானர் தேடாமல் விரலாலேயே திருகும்படி அந்த நட்டுகளுக்கு இரண்டு காதுகள் வைத்திருப்பார்கள். விங் நட் என்பது அதன் பெயர். பிரான்சு நாட்டைச் சுற்றும் டூர் தெ பிரான்சு பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஹென்றி தெக்ரான்ஜ், கியர் வைப்பது வலுவற்றவர்களுக்கே உரியது என்ற கருத்துடையவர். அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றிகளுக்கு இடம் கிடைத்ததே 1937-இல்தான். அதுவரை உலகின் தலைசிறந்த வீரர்களும் சாலையோரத்தில் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

துல்லியோவின் வாழ்க்கையில் திருப்பம் என்று சொல்லப்படும் நிகழ்ச்சி இந்த விங் நட்டைப் பற்றியதே. குரோச்சே தாவுனே என்பது பெல்லூனோ மாவட்டத்தில் ஃபெல்ட்ரே என்னும் ஊருக்கு அருகே சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள கணவாய். நவம்பர் மாதக் குளிரில், பனி மூடிய அந்தப் பாதையில் பந்தயம் நடந்தது. கியர் மாற்ற வேண்டிய இடத்தில் துல்லியோ இறங்கினார். நட்டு உறைந்து இறுகியிருந்தது. விரல்களோ மரத்துப் போயிருந்தன. அவர் போராடிக்கொண்டிருக்க, மற்றவர்கள் கடந்து போனார்கள். பந்தயம் கைவிட்டுப் போயிற்று. சக்கரத்தை விரைவாகக் கழற்ற ஒரு வழி காண வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது என்பர். இந்த நிகழ்ச்சி 1927-இல் நடந்தது என்று ஒரு சாராரும், 1924 என்று வேறு சிலரும் கூறுகின்றனர். ஆண்டே இரண்டாக இருப்பதால், சொல்லச் சொல்லக் கதை சற்று வளர்ந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் உறைந்த நட்டும் மரத்த விரலும் கற்பனை அல்ல. அக்காலத்து வீரர் ஒவ்வொருவரும் பட்ட பாடு அது.

அவர் கண்ட வழி மிக எளியது. ஹப்பின் அச்சைக் குழலாக்கினார். அதனூடே ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தினார். கம்பியின் ஒரு முனையில் நட்டு. மறுமுனையில் ஒரு லீவர். லீவரின் அடியில் மையம் சற்றே விலகிய ஓர் உருளை. லீவரை மடக்கினால் அவ்வுருளை சுழன்று கம்பியை மயிரிழை அளவு இழுக்கும். கை பல சென்டிமீட்டர் நகரக் கம்பி அதில் சிறு பங்கே நகர்வதால் விசை பலமடங்காகிறது. நெம்புகோல் தத்துவம் என்று நாம் தேர்வில் எழுதுவது இதைத்தான். நட்டைத் திருகித் திருகி இறுக்கும் வேலை ஒரே மடக்கில் முடிந்தது. 1930-ஆம் ஆண்டை இக்கண்டுபிடிப்புக்கு உரியதாகக் கூறுவர். இன்றும் எண்ணற்ற வண்டிகளில் இந்த லீவர் இருக்கிறது. 1933-இல் தந்தையின் கடைப் பின்கட்டிலேயே தம் பெயரில் தொழிலைத் தொடங்கினார்.

சக்கரத்தைக் கழற்றுவது எளிதாயிற்று. ஆனால் வண்டியை விட்டு இறங்க வேண்டியிருந்ததே! அடுத்த முயற்சி அதைப் பற்றியது. 1940-களில் அவர் கொணர்ந்த கம்பியோ கோர்சா என்னும் அமைப்பில், இருக்கைக்குக் கீழே பின்சக்கரத்தை நோக்கி இறங்கும் குழாயில் இரண்டு நீண்ட தண்டுகள் இருந்தன. வீரர் ஓடும் வண்டியிலேயே பின்னால் கைநீட்டி ஒரு தண்டால் ஹப்பைத் தளர்த்துவார். பெடலைப் பின்னோக்கிச் சுழற்றியபடி மற்றொரு தண்டால் செயினை வேறு பல்சக்கரத்துக்குத் தள்ளுவார். சக்கரம் தானே முன்னோ பின்னோ நகர்ந்து செயினின் தொய்வைச் சரிசெய்துகொள்ளும். அது கோணாமல் இருக்க அச்சிலும் சட்டத்திலும் பற்கள் வெட்டியிருந்தார். பிறகு முதல் தண்டை மடக்கி ஹப்பை இறுக்க வேண்டும். ஒரு கணம் பின்சக்கரம் இறுக்கமின்றி ஓடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்! வேகமாக ஓடும் வண்டியில், ஒரு கை முதுகுக்குப் பின்னால்! அத்தகைய வண்டியில்தான் ஜீனோ பார்த்தாலி 1948-இல் டூர் தெ பிரான்சு வென்றார். 1950-இல் பாரிஸ் - ரூபே பந்தயத்தில் பாவுஸ்தோ கோப்பி வென்றபோது இரண்டு தண்டுகள் ஒன்றாகியிருந்தன, அவ்வளவே வேறுபாடு.

தண்டு என்றதும் நம் வீட்டுக் கறுப்புச் சைக்கிள் நினைவுக்கு வரலாம். அதன் பிரேக்கும் தண்டால் ஆனதே. தண்டு வலுவானது, ஆனால் வளைந்து போகாது. மூட்டு வைத்து மூட்டு வைத்துத்தான் திருப்ப வேண்டும். கேபிள் அப்படியன்று. வெளியே உறை, உள்ளே கம்பி. உறை அழுத்தத்தைத் தாங்குகிறது, கம்பி இழுவிசையைத் தாங்குகிறது. எந்த வளைவில் போனாலும் ஒரு முனையில் இழுத்தது மறு முனைக்குப் போய்ச் சேர்கிறது. எர்னஸ்ட் பவுடன் என்பார் 1896-இல் காப்புரிமை பெற்ற இந்த எளிய பொருள், கையை நீட்டாமலே கையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது எனலாம்.

அந்தக் கம்பியைத் துல்லியோ பிடித்துக்கொண்டது காலம் கடந்துதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிரான்சில் லூசியன் ஜூயி என்பார் தம் சிம்ப்ளெக்ஸ் கியரை 1920-களின் இறுதியிலேயே கம்பியால் இயக்கிவிட்டார். இணைகர வடிவச் சட்டத்தால் செயினை நகர்த்தும் முறையும் நீவெக்ஸ் என்னும் பிரெஞ்சுக் கருவியில் 1930-களிலேயே வந்துவிட்டது. துல்லியோ 1949-இல் மிலான் கண்காட்சியில் முதல் மாதிரியைக் காட்டி, 1951-இல் விற்பனைக்குக் கொணர்ந்த கிரான் ஸ்போர்ட், இவ்விரண்டையும் ஒன்றுசேர்த்தது. முதல் மாதிரியில் இழுக்க ஒரு கம்பி, திரும்பக் கொணர மற்றொரு கம்பி. பிறகு இரண்டாவது கம்பியை நீக்கிவிட்டுச் சுருள்வில்லை வைத்தார். சட்டத்தின் கீழ்க்குழாயில் ஒரு சிறு லீவர். அதை இழுத்தால் செயின் பெரிய பல்லுக்கு ஏறும், விட்டால் வில் இழுத்து இறக்கிவிடும். புதுமை என்பதைவிட உறுதி என்பதே அதன் பெருமை. ஒரு திருகோ வில்லோ தேய்ந்தால் அதை மட்டும் தனியே வாங்கி மாற்றலாம். தூக்கி எறியும் பொருளாக அவர் எதையும் செய்யவில்லை. சைக்கிள் கடை வைத்திருக்கும் என் தந்தையார் இதைக் கேட்டபோது, மற்ற சாதனைகளையெல்லாம் விட்டுவிட்டு இதற்குத்தான் தலையசைத்தார்.

அந்த லீவருக்குப் படி கிடையாது. உராய்வினால் மட்டுமே நிற்கும். செயின் சரியாக அமர்ந்ததா என்பதை ஓட்டுபவர் காதால் கேட்டே சரிசெய்ய வேண்டும். துல்லியோ மறைந்த பின், 1984-இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் ஒவ்வொரு படிக்கும் ஒரு சொடுக்கு என்னும் முறையைப் பந்தய வண்டிக்குக் கொணர்ந்தது. ஒரு சொடுக்குக்குக் கம்பி நகர்வது இரண்டு மூன்று மில்லிமீட்டரே. அதிலிருந்து கம்பியின் கௌரவம் கூடிவிட்டது. உறையில் துரு ஏறினாலோ, கம்பியின் இழை ஒன்று அறுந்தாலோ, காது எவ்வளவு கூர்மையானதாக இருந்தும் பயனில்லை. செயின் இரண்டு பற்களுக்கு இடையே தத்தளிக்கும்.

கிரான் ஸ்போர்ட்டின் கம்பி வெயிலும் மழையும் படும்படி வெளியே ஓடியது. இன்றைய விலையுயர்ந்த பந்தய வண்டிகளிலோ காற்றுத் தடையைக் குறைக்கவும் அழகுக்காகவும் கம்பியைச் சட்டத்துக் குழாய்க்குள்ளேயே மறைத்துவிடுகிறார்கள். சுமார் 1.2 மில்லிமீட்டர் பருமனுள்ள அந்தக் கம்பியை மாற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அறிந்தவர்கள் பழைய கம்பியை உடனே உருவிவிட மாட்டார்கள். அதன் முனையைச் சீராக வெட்டி, அதன்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழலைச் செருகி, குழல் மறுதுளை வழியே வெளிவரும்வரை தள்ளுவார்கள். பிறகே கம்பியை உருவுவார்கள். குழல் உள்ளே வழி காத்திருக்கும். புதிய கம்பி அதனூடே சென்றதும் குழலை நீக்கலாம். முன்யோசனையின்றி உருவிவிட்டால் குழாயின் இருட்டில் துளையைத் தேடி அலைய வேண்டியதுதான். அப்போது காந்த நுனி உடைய வழிகாட்டிக் கம்பியை உள்ளே விட்டு, வெளியிலிருந்து மற்றொரு காந்தத்தால் நடத்திச் செல்வார்கள். கார்பன் இழையாலும் அலுமினியத்தாலும் ஆன சட்டங்களில் இந்த உபாயம் பலிக்கும். எஃகுச் சட்டத்தில் பலிக்காது. காந்தம் சட்டத்தையே பற்றிக்கொள்ளும். சில சட்டங்களில் துளைக்குத் துளை உட்குழல் நிலையாகவே பதித்திருப்பார்கள். அங்கே இந்தத் தொல்லை இல்லை. கம்பியே வேண்டாம் என்று மின்கலத்தால் இயங்கும் கியர்களும் வந்துவிட்டன. கம்பன்யோலோ நிறுவனமே 2011-இல் மின் கியரையும் 2023-இல் கம்பியில்லா கியரையும் வெளியிட்டது.

துல்லியோ ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. 135-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. மக்னீசிய உலோகத்தை வார்க்கும் தொழிலில் இறங்கிக் கார்ப் பந்தயத்துக்கும் சக்கரங்கள் செய்தார். ஃபெராரி கார்கள் அவற்றில் ஓடின. 1960-களில் புட்டியின் தக்கையைக் கழற்றப் பெரியதொரு திருகுக் கருவியும் செய்தார். எதையாவது கழற்றுவது கடினம் என்று கண்டால் அவரால் சும்மா இருக்க முடிந்ததில்லை போலும்! 1972-இல் மெக்சிகோவில் எட்டி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓடிச் சாதனை படைத்த வண்டியிலும் கம்பன்யோலோ உறுப்புகள் இருந்தன. வேடிக்கை என்னவெனில், தடத்தில் ஓடும் அந்த வண்டிக்கு ஒரே கியர். கம்பிக்கு அங்கே வேலையே இல்லை.

தொழில் தொடங்கி ஐம்பது ஆண்டு நிறைவதை ஒட்டி நிறுவனம் சிறப்பு உறுப்புத் தொகுதி ஒன்றை உருவாக்கியது. அந்த 1983-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் துல்லியோ காலமானார். மகன் வாலன்தீனோ பொறுப்பேற்றார். 1980-களின் பிற்பகுதியில் வெளிவந்த ஒரு கியர்த் தொகுதிக்கு நிறுவனம் குரோச்சே தாவுனே என்று பெயரிட்டது. அந்தக் கணவாயின் உச்சியில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னமும் இருக்கிறது. மலையேறி வரும் மிதிவண்டிக்காரர்கள் அங்கே சற்று நின்று, மூச்சு வாங்கிவிட்டு, கியரை மாற்றிக்கொண்டு இறங்குகிறார்கள்.